மூன்று விநாடி பிந்திய சிரிப்பு

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் வீட்டில் பொய் சொல்லச் சிரமப்பட வேண்டியதே இல்லை. "நடுவுல மாட்டிக்கிச்சு" என்று ஒரு வார்த்தை போதும். எது மாட்டியது, யார் மாட்டினார்கள், எந்த மாடி என்று எந்த மனைவியும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. நம் லிஃப்ட்காரர் பதினெட்டு வருட இல்லறத்தில் இந்தச் சலுகையை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினார். அந்த ஒரு தடவையே அவரைக் கவிழ்த்துவிட்டது.

அந்த வாரம் ஊரில் ஒரு சிரிப்புப் படம் வந்திருந்தது. கல்யாணமாகிப் பல வருடமான நாலு ஆண்கள்; வீட்டில் கால் தரிக்காதவர்கள். கம்பெனிப் பயிற்சி என்று பெண்டாட்டிகளிடம் புளுகிவிட்டுக் கடற்கரை விடுதி ஒன்றுக்கு ஓடுகிறார்கள். ஓடிப்போன இடத்தில் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் நாள் காலையிலேயே சாக்ஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்டு நாலு பேரும் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள்.

படத்தைப் பற்றி ஊர் இரண்டுபட்டது, தியேட்டர்காரருக்குக் கொண்டாட்டம். ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன், "குடும்பத்தைக் கெடுக்கிற படம்யா" என்றார். கெடுக்கிற இடங்கள் எவை எவை என்று ஒன்றுவிடாமல் நடித்தும் காட்டினார். மனைவியை இழந்த வெல்டர், "எனக்கு அழுகைதான் வந்துச்சு. சாக்ஸ் எங்கன்னு கேக்க ஆள் இருக்கே அவனுங்களுக்கு" என்றார், மூன்று பேர் ஒரே சமயத்தில் பேச்சை மாற்றினார்கள். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்த கணக்கர், "நிஜத்துல இப்படியெல்லாமா இருப்பாங்க?" என்று கேட்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், இந்தப் படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னார். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருப்பதற்காக இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

லிஃப்ட்காரரின் மனைவியும் அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். இரண்டு ஞாயிற்றுக்கிழமை லீவை இன்னொரு நர்ஸுக்குத் தாரை வார்த்து, ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை வாங்கியிருந்தாள்.

"ஏங்க, யாராவது கதை சொல்ல வந்தா காதைப் பொத்திக்குங்க. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு படத்தையாவது நாம முழுசா பாத்திருக்கோமா? ஒண்ணு எனக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வரும், இல்ல உங்களுக்கு எவனாவது மாட்டிக்குவான். இதையாவது ரெண்டு பேரும் சேர்ந்து, முதல் தடவையா, முழுசா பாக்கணும்."

"சத்தியமா," என்றார் லிஃப்ட்காரர். அப்போது அவர் மனசாரத்தான் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் ஒர்க்‌ஷாப் ஸ்டோர் கீப்பர் வந்து தோளில் கை போட்டார். ஸ்டோர் கீப்பர் வேறு யாருமில்லை, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்ளே, மேட்னிக்கு ரெண்டு டிக்கெட் இருக்கு."

"வேண்டாம் மச்சான். உங்க தங்கச்சிக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நானுந்தான் என் பொண்டாட்டிக்குப் பண்ணியிருக்கேன். கெளம்பு."

தாய்மாமன் முறைக்காரர் சொல்லைத் தட்டுவது மரியாதையல்ல என்று லிஃப்ட்காரர் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். தாய்மாமன் என்று கூப்பிடத் தனக்குப் பிள்ளைகளே கிடையாது என்பது தியேட்டருக்குள் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். படம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் நிஜமாகவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஆறு பேர். கருவிப் பையோடு ஓடினார். கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ஆறு பேரில் ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். ஐந்தாவது ஆள், "இன்னும் அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாய்யா?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

வீட்டில் இந்தக் கதையை அப்படியே சொன்னார். இருபது நிமிஷ வேலையை மட்டும் மூன்று மணி நேரமாக நீட்டினார். அவள் "ஐயோ பாவம்" என்று சொல்லி, வெந்நீர் வைத்து அவர் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தாள். வெந்நீர் பக்குவமான சூட்டில்தான் இருந்தது. அவருக்கு மட்டும் சுட்டது.

சனிக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும் அவள் ஆசையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் கை அல்லவா, விரல்கள் பழக்கதோஷத்தில் நேரே நாடியில் போய் உட்கார்ந்தன.

முதல் ஜோக் வந்தது. அதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது.

நம்புவதற்குக் கஷ்டந்தான், ஆனால் நடந்தது அதுதான். திரையில் அந்த நாலு பேரில் மீசைக்காரர் வாயைத் திறப்பதற்குள் தியேட்டரில் இருந்த ஆண்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் பேசி முடித்த பிறகு பெண்கள் சிரித்தார்கள். இரண்டாவது ஜோக்குக்கும் இப்படியே இரண்டு தவணை. மேனேஜர் பதறிப்போய் ஆபரேட்டர் ரூமுக்கு மாடியேறி, படம் முன்னாடி ஓடுகிறதா, சத்தம் பின்னாடி வருகிறதா என்று கேட்டார். ஆபரேட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரியாத்தான் சார் ஓடுது. ஜனங்கதான் முன்னாடி ஓடுறாங்க" என்றார்.

மூன்றாவது ஜோக்குக்குள் பெண்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆண்கள் பக்கம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியோ, அப்படி உட்கார்ந்திருந்தார்கள்.

லிஃப்ட்காரர் இந்தக் கும்பலில் சேராத புத்திசாலி. அவர் வேறு வழி கண்டுபிடித்தார். லிஃப்ட் கதவு உடனே மூடக் கூடாது. ஆள் ஏறிய பிறகு மூன்று விநாடி பொறுத்துத்தான் மூட வேண்டும். அதுதான் அவர் கைப்பட வைக்கிற கணக்கு. ஜோக் முடிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, பிறகு சிரித்தார். புதிதாகக் கேட்டுப் புரிந்துகொண்டு சிரிக்கிற மனிதரைப் போலவே இருந்தது. அவள் சந்தோஷமாக அவர் பக்கம் சாய்ந்தாள்.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது ஜோக் வரை பழுதில்லை. ஏழாவதில் மீசைக்காரர் விடுதி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு தும்மினார். லிஃப்ட்காரர் எண்ணினார். ஒன்று. இரண்டு. அதற்குள் காட்சி மாறிவிட்டது. மீசைக்காரரின் மனைவி, வீட்டில் தனியாக, அவர் மறந்துவிட்டுப் போன ரத்த அழுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். தியேட்டரே மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று. லிஃப்ட்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

நானூறு தலைகள் திரும்பின. யாரோ ஒரு அம்மாள், "இவனெல்லாம் மனுசனா?" என்றார்.

அவள் கத்தவில்லை. மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "எத்தனாவது தடவை?"

"என்னம்மா?"

"ஒவ்வொரு ஜோக்குக்கும் முன்னாடியே உங்க நாடி வேகமா ஓடுச்சு. காய்ச்சல் ஏதும் வருதோன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

முழுப் பூசணிக்காயை இனி எந்தச் சோற்றில் மறைப்பது? "ரெண்டாவது," என்றார். "புதன்கிழமை. உங்க அண்ணன்தான்... லிஃப்ட்ல ஆள் மாட்டுனது நிஜம். மூணு மணி நேரம்னு சொன்னதுதான் பொய்."

"ரெண்டு ஞாயித்துக்கெழமையக் குடுத்து வாங்கின மத்தியானம்ங்க இது." அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "படம் ஓடிப்போயிடாது. ஒண்ணா பாக்குறதுதான் ஓடிப்போயிடுச்சு."

அவர் வாழ்க்கையில் அறுந்த கம்பிகள் எத்தனையோ பார்த்திருக்கிறார். இதற்கு மட்டும் அவர் பையில் கருவி இல்லை. "முடிவு பாக்கலம்மா. சத்தியமா. போன் வந்துடுச்சு."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "கடைசி எவ்வளவு பாக்கல?"

"இருபது நிமிஷம்."

"சரி. அந்த எடம் வந்ததும் சொல்லுங்க."

அந்த இடம் வந்ததும் யோக்கியமாகச் சொன்னார். "எந்திரிச்சு வெளிய போங்க," என்றாள் அவள்.

வெளியே சோபாவில் மச்சான் உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாக இன்னும் முப்பது கணவன்மார்கள் நின்றிருந்தார்கள். ஃபோர்மேன்கூட ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தார்.

"நீ சிரிச்ச சிரிப்புல எங்க எல்லார் குட்டும் உடைஞ்சு போச்சு மாப்ளே," என்றார் மச்சான். "சரி விடு. முடிவு என்ன தெரியுமா? அந்த மீசைக்காரன்..."

"சொல்லாதீங்க மச்சான்!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டார் லிஃப்ட்காரர்.

அப்போது உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. பெண்கள் மட்டும் சிரித்த சிரிப்பு. கதவுக் கண்ணாடி நடுங்கியது. போஸ்டர் ஒன்று கழன்று விழுந்தது. முடிவைப் பார்த்திருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் அவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வந்ததில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுத கண்ணா, சிரித்த கண்ணா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன ஆச்சும்மா கடைசில?"

"அடுத்த லீவு பன்னெண்டு நாள்ல. அதுவரைக்கும் யாருகிட்டயும் கேக்கக் கூடாது. அன்னிக்கு சேர்ந்து பாப்போம்."

"நீதான் பாத்துட்டியே?"

"அதனால என்ன? பாக்காத மாதிரி நடிக்க எனக்கு உங்களைவிட நல்லா வரும்."

யாரிடமும் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்; இந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒர்க்‌ஷாப்பில் பேச்சு எடுத்தால் ஏணியோடு வெளியே போய்விடுவார். மச்சான் போன் செய்தால் வணக்கம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஆனால் ஒன்பதாவது நாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள். வருகிற ஆண்களில் பாதிப் பேர் பாதியில் வெளியே வந்து நிற்பதால் சோபா போதவில்லை என்று மேனேஜர் காரணம் சொன்னாராம்.

ஆகவே அந்த ஊரில் அந்தப் படத்தின் முடிவு தெரியாத ஒரே ஆண் அவர்தான். இன்றைக்கும் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் திடீரென்று தானாகச் சிரிப்பாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கடைசி சீன்."

"சொல்லேன்."

"கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க."

அவர் மேற்கொண்டு கேட்பதில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில், எதற்கென்று தெரியாமலே, அவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.