ரயில் வராத ஸ்டேஷன் தண்ணீர்

ரயிலே வராத ஸ்டேஷனில் தண்ணீர் கொடுக்கிற வேலை சந்திரம்மாளுக்கு. கேட்டால் சிரிப்பு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் தில்லி ரிட்ஜ் காட்டுக்குள் கட்டிய குட்டி ஸ்டேஷன் அது. ஏஷியாட் விளையாட்டு நடந்த வருஷத்தில் ஊர் முழுக்கப் பவுடர் பூசினார்களே, அப்போது தண்டவாளத்தைப் பிடுங்கிச் செம்மண் கொட்டி, பெரிய மனுஷர்கள் காற்று வாங்க நடைபாதை போட்டார்கள். ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்து, நடந்து வருகிறவர்கள் உட்கார பெஞ்சு போட்டார்கள். பிளாட்பாரத்தில் வரிசையாக மண்பானைகள். அறுத்த தண்டவாளத் துண்டுகளை மட்டும் யாரும் அள்ளவில்லை. பிளாட்பாரத்துக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தன.

வேலைக்கு வைத்த காண்டிராக்டர் அவள் பெயரைச் 'சந்தா' என்று சுருக்கிவிட்டான். அவளுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. முக்காடு போட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, சின்ன வயசிலிருந்து ஜங்புரா கடைத்தெருவில் பழகிய இந்தியைப் பேசினால், இவள் தமிழ் ஜனங்கள் குடிசை போட்டிருக்கிற மதராசி கேம்ப் சந்திரம்மாள் என்று எந்தக் கொம்பன் சொல்வான்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரோல் பாக்கிலிருந்து ராஜாராமன் வருவார். செக்ஷன் ஆபீசர். கூடவே மனைவி வைதேஹி, ஆபீஸ் சிநேகிதர்கள். எவர்சில்வர் டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு, சந்திரம்மாள் மொண்டு கொடுக்கிற தண்ணீரை எல்லாரும் அண்ணாந்து குடிப்பார்கள்.

"இந்தத் தண்ணிக்காகவே இவ்வளவு தூரம் நடக்கலாம்னா" என்பாள் வைதேஹி, ஒவ்வொரு வாரமும்.

சந்திரம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள். தமிழ் காதில் விழ விழ நாக்கு நமநமக்கும். திறக்க மாட்டாள். தமிழில் வாயைத் திறந்தால் எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். இந்திக்காரியிடம் இவர்கள் அதெல்லாம் கேட்கமாட்டார்கள், கேட்கத் தெரியாது. தில்லியில் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டிக்கெட் கொடுக்கிற பழைய அறை பூட்டிக் கிடந்தது. தண்ணீர்க்காரியின் வேலை நிரந்தரமானால் அந்த அறை அவளுக்கு. புருஷன் மூக்கன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையாகக் கிடந்தான். போன மழையில் சாக்கடை பொங்கிக் குடிசைக்குள் ஏறியபோது, அவன் வாயில் அந்தத் தண்ணீர் போகாமல் விடிய விடியத் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு மழைக்கு அவளிடம் தெம்பில்லை.

ராஜாராமனுக்கு மேலிடத்தில் செல்வாக்கு உண்டு. "சந்தா, உன் வேலையை நான் பக்கா பண்ணித் தருகிறேன், ரூமும் சேர்த்து" என்று தம்முடைய மெட்ராஸ் இந்தியில் வாக்குக் கொடுத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் புதுக் கேமரா வாங்கி வந்தார். எல்லாரையும் ஸ்டேஷன் மணிக்குக் கீழே நிற்கவைத்தார். "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு கண்ணை மூடியபடி பின்னால் போனார். போய்க்கொண்டே இருந்தார். குதிகால் பிளாட்பார விளிம்பைத் தொட்டது.

"ஐயோ சாமீ! பின்னால போவாதீங்க சாமீ!"

கத்திக்கொண்டே பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள் சந்திரம்மாள். பாவி வாய்! இந்தியில் சாப் என்று கத்தியிருக்கக் கூடாதா?

ராஜாராமன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வைதேஹிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "அடி சமத்தே, நீ நம்ம தமிழாடி! இத்தனை நாள் வாயே திறக்கலையே! நிஜப் பேரென்ன? எந்த ஊர்?"

"சந்திரம்மாங்க. திருத்துறைப்பூண்டி பக்கங்க."

"பக்கம்னா?"

சொன்னாள். வேறு வழி?

"அட, எங்க பெரியப்பா ஊரு! எனக்கு மூலை முடுக்கெல்லாம் தெரியுமே. வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அந்தப் பக்கம் சேரி. இரண்டு பெண்களுக்கும் அது தெரியும்.

"அந்தப் பக்கங்க" என்றாள் சந்திரம்மாள்.

வைதேஹி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். கோபமெல்லாம் இல்லை. மெதுவாகத்தான் வைத்தாள். ராஜாராமன் சந்திரம்மாள் பிடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நன்னா இரும்மா, உயிரைக் காப்பாத்தினே" என்றார்.

மறுவாரம் வீட்டுத் தண்ணீர்க் கூஜாவோடு வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் பழைய பானைகளை உடைத்துப் போட்டுவிட்டுக் காண்டிராக்டர் புதுப் பானைகள் வைத்தான். ராஜாராமன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"சந்திரம்மா, நான் சொன்ன சொல் தவறமாட்டேன். உனக்குப் பக்கா வேலை ஆயிடுத்து. இங்கே புதுசா கக்கூஸ் கட்டியிருக்காளோல்லியோ, அதை அலம்பி விடணும்."

"அந்த ரூமு, சாமி?"

"பானையெல்லாம் ராத்திரி அங்கேதானே வைக்கணும்? நீ எப்படிம்மா?" என்றார் தழைந்த குரலில். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. என்ன ஆனாலும் பானையைத் தொடப்படாது."

தண்ணீர் வேலைக்கும் அறைக்கும் புதிதாக வந்தவள் புலியா என்கிற இந்திக்காரி. அவள் அம்மா சதர் பஜாரில் இதே கக்கூஸ் வேலைதான் பார்த்தாள். வந்த அன்றைக்கே அதைச் சந்திரம்மாளிடம் சொல்லிச் சிரித்தாள். அவளை யாரும் தெரு கேட்கவில்லை. "இப்பத்தான் தண்ணி தண்ணியா இருக்கு" என்று அண்ணாந்து குடித்தாள் வைதேஹி.

மழை வந்தது. சாக்கடை ஏறியது. மூக்கன் காய்ச்சலில் ஒரு வாரம் பிதற்றிவிட்டு அடங்கிப் போனான். நிரந்தர வேலைக்காரி என்பதால் சந்திரம்மாளுக்குக் காரியத்துக்கு லீவு கிடைத்தது. பாக்கியசாலி!

மழை விட்ட ஞாயிறு ராஜாராமன் மைத்துனன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். சந்திரம்மாள் விளக்குமாற்றோடு ஓரத்தில் நின்றாள்.

"இவ நம்ம பக்கத்து ஊர்க்காரி. நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன்" என்றார் மைத்துனனிடம். "அன்னிக்கு இங்கே விழத் தெரிஞ்சேன். நல்லவேளை, சட்டுனு சுதாரிச்சுண்டேன்."

சந்திரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் கேமராவை எடுத்தார். எல்லாரும் மணிக்குக் கீழே நின்றார்கள். "நெருங்கி நில்லுங்கோ" என்றபடி பின்னால் போனார். பாசி பிடித்த விளிம்பில் குதிகால் பட்டது. சந்திரம்மாள் தொண்டைவரை அந்த வார்த்தை வந்தது. மூக்கன் தலையைத் தாங்கிய கை இன்னும் வலித்தது. விழுங்கிக்கொண்டாள்.

துருப்பிடித்த தண்டவாளத்தின்மேல் மனுஷன் மல்லாந்து விழுந்தார். பின்மண்டையிலிருந்து ரத்தம். வைதேஹி அலறிக்கொண்டு கீழே இறங்கி அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். மைத்துனன் வண்டி பிடிக்க ரோட்டுக்கு ஓடினான். புலியா குழாயடிக்குப் போயிருந்தாள்.

"தண்ணி, தண்ணி" என்று முனகினார் ராஜாராமன்.

"ஏண்டி நிக்கறே? ஜல்தி! பானையிலேர்ந்து தண்ணி எடுத்துண்டு வாடி!" என்று கத்தினாள் வைதேஹி.

பானை சந்திரம்மாளுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"தொடக்கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காங்கம்மா" என்றாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள்.