முந்துதிர்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், என் விரலில் ஒட்டியிருக்கும் பசை நான் சாகிறவரை போகாமல் இருக்கட்டும்.

நானும் என் மகளும் ஒரே ஆபீஸ். செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, அலமாரியில் அடுக்கிக் காப்பாற்றும் இடம். நான் ஒட்டுகிறவன். அவள் படித்தவள், ஒட்டிய செடிக்கு விவரம் எழுதுகிறவள். அன்று அவளுக்கு நிறைமாதம், மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும்.

மஞ்சள் பூ பூக்கும் முள்செடி ஒன்றை ஒட்டி முடித்துவிட்டு, காகிதத்தில் கிடந்த துணுக்குகளைக் குப்பைத்தொட்டியில் தட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது குப்பை இல்லப்பா, புல்லி. எடுங்க."

தொட்டியைக் கவிழ்த்துப் பொறுக்கினேன். தொலைந்துபோன என் கண்ணாடியும் கிடைத்தது.

மொட்டை மூடிக் காப்பது புல்லியாம். இந்தச் செடியில் பூ விரிகிறபோதே அது விழுந்துவிடுமாம். விரிந்த பூவை மட்டும் பார்க்கிறவன் புல்லியே இருந்ததில்லை என்று நினைத்துவிடுவான். அதனால் விழுந்ததைச் சின்ன உறையில் போட்டு, அதே தாளின் மூலையில் ஒட்டவேண்டுமாம். அப்படி விழுவதற்குப் பெயர் 'முந்துதிர்'.

"நல்ல வார்த்தை. யாருப்பா உண்டாக்கியிருப்பாங்க?"

"உங்கம்மாதான்," என்றேன்.

அவள் அம்மா இங்கே டைப்பிஸ்ட்டாக இருந்தவள். இந்த ஒரு வார்த்தை கிடைக்காமல் அப்போதைய டைரக்டர் தலைமுடி மொத்தத்தையும் பறிகொடுத்திருந்தார். மகளைப் பெற்ற பிரசவக் கட்டிலில் அவள் அதைச் சொன்னதும், டாக்டர் மருந்துச் சீட்டில் குறித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரன் அந்த மருந்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். டைரக்டர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். மரியாதைக்காக அன்று ஊரில் எந்த மரமும் இலை உதிர்க்கவில்லை. தெருக் கூட்டுகிறவர்கள் பாதி நாளில் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பவள், சிரிக்கவில்லை.

"அம்மா என்னைப் பார்த்தாங்களா?"

சின்ன வயதிலிருந்து கேட்கிற கேள்வி. ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக் சொல்லி நழுவியிருக்கிறேன்.

"இன்னிக்கு விளையாடாதீங்கப்பா. நாளைக்கு நானும் அந்தக் கட்டில்ல படுக்கணும்."

உறைக்குப் பசை தடவினேன்.

"பார்க்காம என்ன? உன்னைக் கையில வாங்கி, மூக்கைத்தான் முதல்ல பார்த்தா. 'நல்லவேளை, உங்க மூக்கு இல்ல'ன்னா. நீ அவ சுண்டுவிரலைப் பிடிச்சவ, விடவே இல்ல. அப்பதான் சிரிச்சுக்கிட்டே அந்த வார்த்தையைச் சொன்னா."

மகள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அந்த உறையைத் தாளின் மூலையில் வைத்து, பசை பிடிக்கிறவரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"போதும்பா," என்றாள். "இனிமே பயமில்ல."

அவள் பிறந்த அன்று, குழந்தை அழும் சத்தம் கேட்பதற்கு முன்பே அவள் அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது.