பைக்காரி

மேகமலை இன்னும் கறுத்துக் கிடக்கும்போதே உத்தமபாளையத்துப் பழைய நெல் கிட்டங்கிக்குள் தையல் மிஷின்கள் கடகடக்கத் தொடங்கிவிடும். அனுமந்தன்பட்டியிலிருந்து நடந்து வரும் பெண்கள், பனியில் நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துவிட்டு நேராக மிஷினில் உட்கார வேண்டும். காக்கித் துணி பலகை மாதிரி விறைத்திருக்கும். அதை ஊசிக்கு அடியில் தள்ளித் தள்ளி உள்ளங்கைத் தோல் உரிந்துபோகும். மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லாய் இறுகும். துணித் தூசியும் பசையின் புளித்த வாடையும் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்குப் பெயர் படிப்பு. வாசலில் 'மாதர் தையல் தொழிற்பள்ளி' என்று பலகையே தொங்கியது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பட்டாளத்துக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் காண்டிராக்டை எடுத்திருந்தார் சீனிச்சாமி முதலாளி. கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டுப் பள்ளிக்கூடமாக வைத்துவிட்டார். படிக்கிறவளுக்குக் கூலி எதற்கு? மத்தியானம் கம்மங்கஞ்சி உண்டு. ஒரு வருஷம் படித்தால் சர்ட்டிபிகேட் உண்டு. அது கையில் இருந்தால் சொந்தக் காலில் நிற்கலாம், வெயிலில் களை பறிக்க வேண்டாம், எவன் ஏச்சையும் கேட்க வேண்டாம் என்று ஊர் ஊராகத் தண்டோராப் போடவைத்தார். மனிதர் நன்றாகத்தான் பேசுவார்.

அந்தப் பேச்சை நம்பி வந்தவள் பிலோமினா. அவள் புருஷன் தேயிலை எஸ்டேட்டுக்கு மலையேறிப் போய்க் காய்ச்சலில் செத்துப்போனவன். இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு நின்றவளை, மலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணி அவ்வப்போது வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மலைக்குப் போகாமல் சொந்த ஊரிலேயே பிழைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதல் நாள் அவளை உட்கார வைத்த இடம், சட்டைக்குப் பை வைத்துத் தைக்கும் மிஷின். வருஷம் முடிகிறவரைக்கும் அதே மிஷின்தான். பக்கத்தில், அவளுக்குப் பிறகு வந்து சேர்ந்த இருளம்மாளுக்குக் காலர். அதற்கு அடுத்து ராமுத்தாய்க்குக் காஜா, அதாவது பொத்தான் ஓட்டை கட்டும் வேலை. ஒருத்தி வேலையை இன்னொருத்தி திரும்பிப் பார்த்தால் கண்காணிப்பவன் அதட்டுவான். துணி வெட்டும் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே வைகுண்டராஜ் மாஸ்டர் வெட்டிப்போடும் துண்டுகள் ஒரு ஜன்னல் வழியாக வந்து விழும். பை தைத்துத் தைத்துப் பிலோமினாவின் கை கண்ணை மூடிக்கொண்டே பை தைக்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

வருஷக் கடைசியில் பந்தல் போட்டு, அதிகாரி ஒருவரைக் கூட்டிவந்து, மாலை போட்டுச் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். பிலோமினா அதைக் கண்ணாடி போட்டு அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். தெருவில் ஒரு வீட்டில் சும்மா கிடந்த மிஷினை வாடகைக்குப் பேசி எடுத்தாள். முதல் துணி ரோசம்மாள் கொடுத்தது. அவள் மகளுக்குக் கல்யாணம். துணிக்குப் பஞ்சம் வந்த காலத்தில், எங்கெங்கோ அலைந்து வாங்கிய ரவிக்கைத் துணி.

பிலோமினா அந்தப் பெண்ணின் பழைய ரவிக்கையைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் கரிக்கட்டையால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டினாள். தையலுக்கென்று துணி விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஜன்னல் வழியாக வந்த துண்டுகள் எல்லாம் தையலுக்கு விட்டு வெட்டிய துண்டுகள். விட்டது யார், எவ்வளவு விட்டான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தைத்து முடித்தபோது கல்யாணப் பெண்ணின் கை உள்ளே நுழையவில்லை. கொஞ்சம் இழுத்ததும் அக்குளில் பட்டென்று கிழிந்தது.

ரோசம்மாள் ஏசவில்லை. கிழிந்த ரவிக்கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வருசமா அங்கன என்னத்த ஆத்தா படிச்ச?" என்று கேட்டாள்.

"பை படிச்சேன் மதினி" என்றாள் பிலோமினா.

பெண் பழைய ரவிக்கையோடு கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து பிலோமினாவுக்கு ஊரில் பைக்காரி என்று பெயர். வாடகை மிஷின் திரும்பிப் போயிற்று. அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

கிட்டங்கிக்குப் போய் முதலாளி முன்னால் நின்றாள்.

"என்ன பிலோமினா, நீ கடை போட்டிருக்கன்னு சொன்னாக?"

"எனக்கு வெட்டத் தெரியல முதலாளி. கல்யாணத் துணியப் பாழாக்கிட்டேன். நீங்க சொல்லிக் கொடுக்கல."

"பை சொல்லிக் கொடுத்தேன்ல? நீ தச்ச பையப் பாத்துட்டு அதிகாரியே மெச்சிட்டுப் போனாக."

"ஊருல எவளும் பை மட்டும் கேக்க மாட்டேங்கிறா."

"அப்ப இங்கனயே இரு. காலர் வகுப்புல சேத்துக்கிறேன். இன்னொரு வருசம் படி."

"அது முடிஞ்சா?"

"கை வைக்கிற வகுப்பு இருக்குல்ல."

"வெட்டுறது என்னைக்கு முதலாளி சொல்லித் தருவீக?"

சீனிச்சாமி முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "வெட்டத் தெரிஞ்சுட்டா நீ எதுக்கு எங்கிட்ட வந்து நிக்கப்போற?"

மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் முன்னால் மறைத்துப் பேச அவள் என்ன பெரிய ஆளா?

பிலோமினா மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தாள். காலர் வகுப்பெல்லாம் பேச்சோடு சரி, உட்கார வைத்தது பழைய பை மிஷினில்தான். உட்காராவிட்டால் மலைதான். அந்த வாரமே தானியம் கிடைக்கவில்லை என்று சொல்லி மத்தியானக் கஞ்சியையும் நிறுத்தினார்கள். பெண்கள் முல்லையாற்று வாய்க்காலுக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்கள். பிலோமினா அங்கே வைத்து எல்லாவற்றையும் சொன்னாள், கிழிந்த ரவிக்கையிலிருந்து முதலாளியின் சிரிப்பு வரைக்கும்.

இருளம்மாள் முதலில் சிரித்தாள். "நானும் படிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குப் போயி எம் மகனுக்குக் காலர் மட்டும் தச்சுப் போடுறேன். அம்மணமாக் காலரோட திரியட்டும்." சிரித்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ராமுத்தாயின் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிச் சீழ் பிடித்திருந்தது. அதை வாய்க்கால் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொன்னாள்: "இவ பை, நீ காலரு, நான் காஜா. எல்லாத்தையும் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கிட்டா என்ன?"

"வெட்டுக்கு யாருகிட்டப் போறது?" என்றாள் இருளம்மாள்.

"கேப்போம். பள்ளிக்கூடம்னுதான கூப்பிட்டாக. படிப்பத்தான கேக்குறோம்" என்றாள் பிலோமினா.

மறுநாள் விடியலில் வந்த பெண்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பைக்காரி காலர் மிஷினில், காலர்க்காரி காஜாவில், காஜாக்காரி பையில். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்தார்கள். வேலை நத்தையாய் நகர்ந்தது. முதலாளி வந்து பார்த்து முகம் சிவந்தார்.

"என்னடி கூத்து இது?"

"படிக்கிறோம் முதலாளி" என்றாள் பிலோமினா. "அப்படியே அந்த அறைக் கதவையும் திறந்துவிடச் சொல்லுங்க."

"பட்டாளத்துச் சட்டை போக வேண்டிய நேரத்துல படிப்பாக்கும்? பழைய எடத்துல உக்காரு, இல்லைன்னா வெளிய போ. வெளிய போயி என்ன பண்ணுவ? பையத் தச்சு விப்பியோ?"

ஒருத்தியும் பழைய இடத்தில் உட்காரவில்லை. மிஷின்களை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். அப்போது வெட்டறைக் கதவு கொஞ்சம் திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு வைகுண்டராஜ் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் வெட்டக் கத்துக்கிட்டா என் பொழப்பு என்னம்மா ஆகும்?" என்றார். பயந்துதான் கேட்டார்.

"இப்ப உங்க பொழப்பு என்ன வாழுது மாஸ்டர்?" என்றாள் இருளம்மாள். "உங்க சம்பளத்தக் குறைச்சாகளே, நாங்களா குறைச்சோம்?"

மாஸ்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

பெண்கள் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் அங்கேயேதான் இருந்தார்கள். பசி காதை அடைத்தது. கங்காணி மோப்பம் பிடித்து வந்து பிலோமினா பக்கத்தில் குந்தினான். "இன்னைக்கே பொறப்படு, மேல அரிசிச் சோறு" என்றான். குழந்தை அவள் மடியில் அழுதுகொண்டிருந்தது. அவளுக்குப் போய்விடலாம் போலத்தான் இருந்தது. ராமுத்தாய் வீங்கிய கையால் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கங்காணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

சாயங்காலம் வைகுண்டராஜ் மாஸ்டர் வெளியே வந்தார். "வெட்டுறதோட சேத்து என்னையவே பையும் தைக்கச் சொல்லுதாரு, அதே சம்பளத்துக்கு" என்றார் யாரையும் பார்க்காமல். பெண்களோடு உட்காரக் கூச்சம். கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாள் காலையில் கம்பம் ரோட்டில் ஒரு கூண்டு வண்டி வந்தது. உள்ளே புதுப் பெண்கள், துணி மூட்டையோடு. முதலாளி வாசலில் சிரித்த முகமாக நின்றார். பிலோமினா ஓடிப்போய் நுகத்தடியைப் பிடித்து வண்டியை நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை.

வண்டியில் முன்னால் இருந்த முத்துப்பேச்சி என்ற பெண் கேட்டாள்: "இறங்கிட்டா நான் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேன்க்கா?"

"தெரியாது. எங்களுக்கும் இன்னைக்குச் சாப்பாடு இல்ல. பொய் சொல்லி உன்னை இறக்க எனக்கு மனசில்ல ஆத்தா. பொய் சொல்லி ஏத்துனது அவரு."

முத்துப்பேச்சி வண்டிக்குள் இருந்தபடியே முதலாளியைப் பார்த்தாள். "ஐயா, துணி வெட்டவும் சொல்லித் தருவீகளா?"

"முதல்ல உள்ள வா. பிறகு பேசிக்கலாம்."

"இப்பவே சொல்லுங்கய்யா."

சீனிச்சாமி முதலாளி வண்டிக்காரனைப் பார்த்து, "ஏலே, ஓட்டுடா உள்ள" என்றார். வண்டிக்காரன் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தான்.

முத்துப்பேச்சி மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரோட்டைக் கடந்து புளியமரத்தடிக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இறங்கினாள். பிறகு மற்றவர்களும். நிழல் எல்லாருக்கும் பற்றவில்லை. இருளம்மாள் வெயிலுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.