உட்காரக் கூடாத தீபாவளி

விடியற்காலை ஐந்து மணிக்கு, தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்பு ஒலிக்கும். நல்லையா எழுந்து முகம் கழுவுவார். அடுப்பு மூட்டி வெறுந்தேநீர் குடிப்பார். வாசலைக் கூட்டுவார். பிறகு, மனைவி அன்னலட்சுமி தரைக்குள் இறங்கிய இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போவார். முதலில் காய்ச்சல்காரர்கள், பிறகு புண்காரர்கள்.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தீபாவளி விருந்து சாப்பிட்டவர்கள் பொழுது சாய்வதற்குள் உட்கார்ந்தால் மண்ணுக்குள் போய்விடுவார்கள். காப்பி அழிந்து தேயிலை நட்ட வருடத்திலிருந்து இப்படித்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் படுத்தால் உடம்புக்கு ஆகாது என்பார்கள். இங்கே அது சற்றுக் கண்டிப்பாக நடந்தது. 1889இல் இரண்டு பேர் போனார்கள். 1896இல், திருச்சியிலிருந்து புதிதாக வந்து இதைக் கேட்டுச் சிரித்த ஒருவர். உடம்பு கனக்கும், தரை இளகும், ஆள் இறங்கியதும் மூடிக்கொள்ளும். அதனால் ஆட்டுக்கறியும் அதிரசமும் தின்ற கையோடு ஆண்கள் சடுகுடு ஆடினார்கள், பெண்கள் கும்மியடித்தார்கள், முடியாதவர்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி நடந்தார்கள். தோட்டத் துரை தன் பங்களா நாற்காலிகளைப் பூட்டிவைத்தார். ஐப்பசி பிறந்ததுமே எல்லோரும் பயத்தில் நடந்து பழகியதால், அந்த மாதம் மருந்துச்சாலைக்கு வருபவர்கள் குறைவு.

நல்லையா கண்டியில் கல்லூரியில் படித்தவர். 1912இல் மருந்து கொடுக்கும் வேலைக்கு வந்தார். சாப்பிட்டபின் ஓய்வு வேண்டும் என்று அவர் படித்த புத்தகத்தில் இருந்தது. அந்தத் தீபாவளிக்கு அன்னலட்சுமி ஏழு மாதக் கர்ப்பிணி. ஆசையாகச் சாப்பிட்டாள். மதியத்திலிருந்து வீட்டுக்குள்ளேயே நடந்தாள். மூன்று மணிக்குக் கணுக்கால்கள் வீங்கிவிட்டன. பக்கத்து லயத்து வேலாயி கும்மியிலிருந்தே கத்தினாள்.

"டொக்டரய்யா, அம்மாவ உக்கார விடாதீங்க! ஒம்பது அதிரசம் முழுங்குன என் புருசனே இன்னும் குதிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்!"

"பொழுது எப்பங்க சாயும்?" என்று அன்னலட்சுமி கேட்டாள். உதடுகள் வெளுத்திருந்தன.

"அஞ்சு நிமிஷம் உக்காரு. வீக்கம் வடியட்டும். நான் இருக்கேன்ல."

"பயமா இருக்குங்க."

"படிச்சவன் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?"

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலியின் கால்கள் முதலில் இறங்கின. நல்லையா மண்டியிட்டு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். இடுப்பு போயிற்று. மார்பு போயிற்று. ஒரு உலை அரிசி வேகும் நேரம்கூட ஆகவில்லை.

ரெங்கசாமிக் கங்காணி ஆட்களோடு வந்து ஒன்பது அடி தோண்டினார். செம்மண், அதன்கீழ் பாறை. தோண்டியவர்களும் சாப்பிட்டிருந்ததால் யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெண்கள் ஒப்பாரியையும் நடந்துகொண்டே வைத்தார்கள். குழியை மூடிச் சாணமிட்டு மெழுகினார்கள்.

மறுவருடத்திலிருந்து தீபாவளி மதியம் நல்லையாவே மணியடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடக்கிறார். கர்ப்பிணிகளுக்கு அன்று கஞ்சி மட்டும் கொடுத்து உட்காரவைக்கிறார்; அவர்களுக்கு விருந்து மறுநாள். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை.

அன்னலட்சுமி கதிர்காமத்தானைக் கூப்பிட்டபடி போனாள் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. நல்லையாவின் முழங்கால்கள் தரையில் புதைவதைப் பார்த்தாள். பிடித்திருந்த கைகளை உருவிக்கொண்டாள். கடைசியாகச் சொன்னது இதுதான்:

"எந்திரிங்க, நீங்களும் சாப்பிட்டிருக்கீங்க."