தொட்டியில் கெண்டை இருந்த நாட்கள்

என் புருஷன் லெஷெக் நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. நிலக்கரிச் சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பூமிக்கு அடியில் கேஸ் அலாரம் அடித்தால் கையிலிருக்கும் ரொட்டியைக்கூடப் போட்டுவிட்டு ஓடியவன். அதே மனுஷன் வீட்டில் அலாரம் அடித்தால், "பொம்மை கத்துது, விடு" என்பான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதில் பிடொம் நகரத்திலேயே அவனை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பொம்மையை வாங்கிக் கொடுத்தவள் எங்கள் மகள் கிங்கா. போன குளிர்காலத்தில் வந்தபோது குளியலறைக்கு வெளியே நடையில் தானே ஆணியடித்து மாட்டினாள். "அம்மா, உங்க பாத்ரூம்ல இருக்கிற அந்தக் கிழட்டு கேஸ் கீசரை நெனச்சாலே எனக்குத் தூக்கம் வர்றதில்ல. இது இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். கீசர் சரியாக எரியாவிட்டால் வரும் நச்சுக்காற்றுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது; அதைக் கண்டுபிடித்துக் கத்துவதுதான் இந்த அலாரத்தின் வேலை. குளிக்கப் போனவர்கள் தொட்டியிலேயே தூங்கிப் போனார்கள் என்று ஒவ்வொரு குளிர்காலமும் செய்தியில் வரும். அதெல்லாம் அடுத்த தெருவில் நடக்கும் சமாசாரம் என்றுதான் எல்லோரையும் போல நாங்களும் இருந்தோம்.

இந்த வருடம் கிங்கா கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், அதுவும் ஏழு மாத வயிற்றோடு. இரண்டு முறை கைநழுவிப் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவள் எந்தத் தலையணையில் படுப்பாள், எந்த ஜன்னலோரம் உட்காருவாள் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வெந்நீர்த் தொட்டியில் ஊறிக் கிடப்பது என்றால் உயிர். "குளியலறைல குளிர்காத்து வருது, பிள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு ஆகாது" என்று லெஷெக் சுவரில் மேலே இருந்த காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான்தான். வீட்டு ஜன்னல்களோ இலையுதிர் காலத்தில்தான் புதிதாக மாற்றியவை, ஈ நுழைய இடமில்லாமல் மூடிக்கொள்ளும். வீடு கதகதவென்று ஆனது. என்ன கெட்டிக்காரத்தனம் என்று இரண்டு பேரும் பூரித்துப்போனோம்.

அடுத்த சனிக்கிழமையே அலாரம் கத்தியது. நான் அடுப்படியில் எக்ஸாஸ்ட் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு உருளைக்கிழங்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். லெஷெக் குளித்துக்கொண்டிருந்தான். ஈரத் துண்டோடு வெளியே வந்து அலாரத்தை முறைத்தான்.

"போகுஷா, உன் எண்ணெய்ப் புகைக்குக் கத்துது" என்றான் என்னிடம்.

"எண்ணெய்க்குக் கத்தாதுன்னு இதோட வந்த தாள்ல போட்டிருக்கு. ஒரே ஒரு தடவை 'கீச்'சுன்னா பேட்டரி தீர்ந்துபோச்சு. நாலு நாலாக் கத்தினா வீட்டை விட்டு வெளிய ஓடணும். இது நாலு நாலாக் கத்துச்சு."

"எனக்கே பாடமா? என் வாழ்நாள் பூரா கேஸுக்கு நடுவுல வேலை பாத்தவன் நான். கேஸ் இருந்தா என் மூக்கு சொல்லிடும்."

"மணமே இல்லாததை உன் மூக்கு எப்படிச் சொல்லும்? அது என்ன மூக்கா, மந்திரக்கோலா?"

பேச்சுக்குப் பேச்சு வளர்ந்ததே தவிர வேலை நடக்கவில்லை. அதைக் கழற்றிப் படுக்கையறையில் வைத்தான், அடங்கிவிட்டது. "பாத்தியா?" என்று மறுபடி நடையிலேயே மாட்டினான். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே அப்பம், அதே குளியல், அதே கத்தல். குளித்துவிட்டு வந்தவனுக்கு அன்று தலைவலி வேறு. முந்தின நாள் நண்பர்களோடு குடித்ததன் பலன் என்று நான் வாழ்த்துப் பாடினேன். அவன் பேட்டரியைப் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டான். சோதிக்கும் பொத்தானை அமுக்கினான், 'பீப்' என்றது. "அவ்வளவுதான். பழைய பேட்டரிதான் கோளாறு" என்று கையைத் தட்டிக்கொண்டான். பொத்தானை அமுக்கினால் கத்துவது தொண்டை சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. அவ்வளவு தூரம் யார் படித்தது?

பிறகு கெண்டை வந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டை மீனை உயிரோடு வாங்கிவந்து குளியல் தொட்டியில் விடுவது இங்கே வழக்கம். சேற்று வாடை போகட்டும் என்று சொல்வோம். உண்மையில், எங்கள் அப்பா அம்மா விட்டார்கள், நாங்களும் விடுகிறோம், அவ்வளவே. லெஷெக் ஒவ்வொரு வருடமும் தன் பழைய மேலதிகாரி ஒருவரின் பெயரை மீனுக்கு வைப்பான். இந்த வருடக் கெண்டைக்கு என்ஜினியர் ஹூபெர்ட் என்று பெயர்.

"என்ன சார், தண்ணி ஜில்லுனு இருக்கா? நாங்களும் கீழ அப்படித்தான் சார் நின்னோம்" என்று தொட்டியோரம் உட்கார்ந்து வம்பளப்பான்.

ஹூபெர்ட் தொட்டியில் இருந்த நாட்களில் எங்களுக்குக் குளியல் கிடையாது. கெட்டிலில் வெந்நீர் போட்டு, அடுப்படியில் முகம் கை கால் கழுவிக்கொண்டு அக்குளுக்குப் பவுடர் போட்டுக்கொண்டோம். நானோ முட்டைக்கோஸ் வதக்கினேன், காளான் பொரித்தேன், விசிறி நாள் முழுக்க ஓடியது. அலாரம் வாயே திறக்கவில்லை.

"என்னமோ தாள்ல போட்டிருக்குன்னு சொன்னியே? பேட்டரி மாத்தினேன், பூனை மாதிரிக் கெடக்கு பார்" என்று லெஷெக் மூச்சுக்கு மூச்சு சொல்லிக் காட்டினான். இந்தத் தடவை இவன்தான் ஜெயித்தான் போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் எங்களுக்கு விருந்து. அன்று மதிய ரயிலில் கிங்கா வந்து இறங்கினாள். மாப்பிள்ளை ரயில் ஓட்டுகிறவர், அவருக்கு மறுநாள் காலைவரை வேலை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறி வந்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லெஷெக் அவள் பையை வாங்குவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டு நின்றான்.

"அப்பா, ஹூபெர்ட் சாரை அனுப்பிட்டீங்களா? எனக்குத் தொட்டி வேணும். ரயில்ல உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சு."

ஹூபெர்ட் காலையிலேயே கீழ்வீட்டு கெர்ட்ரூடா அம்மாளின் கையால் போய்ச்சேர்ந்திருந்தார். மீனை அடிக்க லெஷெக்குக்கு என்றைக்குத்தான் மனசு வந்தது? நான் தொட்டியை வாடை போகத் தேய்த்துக் கழுவி, கீசரைப் பற்றவைத்து, வெந்நீரைத் திறந்துவிட்டேன். கிங்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தி, விசிறியை முழு வேகத்தில் வைத்து, மீன் துண்டுகளை வாணலியில் போட ஆரம்பித்தேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான பொம்பளை பிடொமில் இருந்திருக்க மாட்டாள்.

முதல் ஈடு எடுத்து இரண்டாவது ஈடு போட்டபோது அலாரம் கத்தியது. நாலு, இடைவெளி, மறுபடி நாலு.

"ஆரம்பிச்சுட்டான்யா!" லெஷெக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மீன் பொரிச்சா இவனுக்குப் பொறுக்காது. நல்ல நாளும் அதுவுமா... இரு, பேட்டரியவே பிடுங்கிடறேன்."

நான் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றேன். மீனுக்கா? நேற்றுக் காளான் பொரித்தேனே, முந்தாநாள் வெங்காயம் கருகியதே, அப்போதெல்லாம் ஏன் இது கத்தவில்லை? விசிறியும் ஓடியது, புகையும் வந்தது. எது இல்லை? குளியல் இல்லை. தொட்டியில் கெண்டை இருந்தது. யாரும் கீசரைப் பற்றவைக்கவில்லை. பேட்டரி எதையும் சரிபண்ணவில்லை, கெண்டைதான் இத்தனை நாளும் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"லெஷெக்! அதுல கை வைக்காதே! மீன் இல்ல, கீசர்! பொண்ணு உள்ள இருக்கா!"

அவன் ஸ்டூல்மேல் நின்றபடி என்னைப் பார்த்தான். உள்ளே பாட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன். "கிங்கா! கண்ணு! எந்திரி, வெளிய வா!"

"வரேம்மா..." நாக்குக் குழறியது. "தலை சுத்துது... கால் எந்திரிக்க மாட்டேங்குது."

ஸ்டூலிலிருந்து குதித்தவன் வேறு ஆள். எனக்கு அந்த முகத்தைத் தெரியாது, சுரங்கத்தில் அவனோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். "விசிறிய நிறுத்து, அடுப்ப அணை, எல்லா ஜன்னலையும் திற" என்றான், கத்தாமல். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோளால் கதவை ஒரே மோது. தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. நான் ஓடி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, விருந்து மேசையின் வெள்ளை விரிப்பை உருவினேன். விரிப்புக்கு அடியில் கிறிஸ்துமஸ் வழக்கப்படி பரப்பியிருந்த வைக்கோல் வீடெல்லாம் பறந்தது. அவன் கீசரை மூடிவிட்டுப் பெண்ணைத் தூக்கி வந்தான். விரிப்பில் சுற்றிக்கொண்டு படியிறங்கினோம்.

முற்றத்துப் பனியில் வைத்து அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். முகவரியைச் சொல்ல வாய் வரவில்லை, கெர்ட்ரூடா அம்மாள் போனைப் பிடுங்கிச் சொன்னாள். கிங்கா குளிர்காற்றை இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது அசையவே இல்லம்மா."

கடவுளே, பிள்ளையைக் காப்பாத்து, இந்த வீட்டில் இனி வெந்நீரே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், ஆம்புலன்சும் வந்தது. அவளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவள் வயிற்றில் கருவியை வைத்து இங்கே நகர்த்தினாள், அங்கே நகர்த்தினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் சட்டென்று குதிரை ஓடுவது போல டக்டக்கென்று கேட்டது. டாக்டரம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தபிறகுதான் நான் அழுதேன். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனாலும் நாளைவரை ஆக்சிஜனோடு இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை மறுநாள் காலையில் லெஷெக் வந்துதான் சொன்னான். தீயணைப்புக்காரர்கள் நச்சுக்காற்றை அளக்கும் மீட்டரோடு வீடெல்லாம் நடந்து பார்த்திருக்கிறார்கள். விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது, உள்ளே வருவதற்கோ ஒரு ஓட்டையும் இல்லை. அப்போது அது கீசரின் புகைக்குழாய் வழியாகத்தான் காற்றை இழுக்கும், வெளியே போகவேண்டிய விஷம் திரும்பி வீட்டுக்குள் இறங்கும். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் லெஷெக் ஸ்டூலில் ஏறி அட்டையைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டிருக்கிறான். கீசருக்குப் பூட்டும் முத்திரையும் போட்டாயிற்று.

"அவளுக்குக் குளிரக் கூடாதுன்னுதான்டி ஒட்டினேன்" என்றான் என்னிடம், ஆஸ்பத்திரி நடையில்.

"தெரியும். ஸ்டூலைப் பிடிச்சவ நான்தானே. வா உள்ள."

டப்பாக்களில் பீட்ரூட் சூப்பும் பொரித்த மீனும் கொண்டுவந்திருந்தான். மாப்பிள்ளை ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். கிங்காவின் முகத்தில் மாஸ்க். கண்ணில் பழைய குறும்பு வந்துவிட்டிருந்தது. மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மிருகமெல்லாம் மனுஷங்க மாதிரி பேசும்னு கதை சொல்வீங்களேப்பா. ஹூபெர்ட் சார் அதுக்கு முன்னாடியே எவ்வளவோ பேசியிருக்கார். நமக்குத்தான் காது இல்ல."

"பேசினவரத்தான் டப்பால கொண்டுவந்திருக்கேன்" என்றான் லெஷெக். கிங்கா ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

முந்தின நாள் விருந்துக்குமுன் பிட்டுக்கொள்ள வேண்டிய அப்பத் தகடு அவன் சட்டைப்பையில் உறையோடு இருந்தது. காகிதம் போல மெல்லிசான வெள்ளை அப்பம் அது. ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் பிட்டு, இந்த வருடம் உனக்கு இது கிடைக்கட்டும், அது கிடைக்கட்டும் என்று வாழ்த்த வேண்டும். வாழ்த்த ஆரம்பித்தால் லெஷெக்கை நிறுத்த முடியாது. நல்ல வேலை, நல்ல வீடு, பல்வலி வராமல் இருப்பது என்று சூப் ஆறும்வரை அடுக்குவான்.

அன்றைக்கு அப்பத்தை நீட்டிக்கொண்டு கட்டிலருகில் நின்றான். கிங்கா ஒரு ஓரத்தைப் பிட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவன் குனிந்து அவள் மாஸ்க்கைச் சரியாக இழுத்துவிட்டான், எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால் நேராக்கினான்.

"மூச்சு விடு கண்ணு" என்றான். "வேற ஒண்ணும் வேணாம். நீ மூச்சு விட்டுக்கிட்டே இரு."

அவள் கண்ணை மூடி ஆழமாக இழுத்துவிட்டாள். லெஷெக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் விட்ட மூச்சு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.