வெடி போடாத ஊர்

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார், இந்த வருஷம் நீங்கள் எங்கேயும் கிளம்பக்கூடாது என்று மனைவி கனகலட்சுமி புரட்டாசியிலேயே சொல்லிவிட்டாள். ஹரிராமும் சரியென்று தலையாட்டிவிட்டார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஏழு வருஷத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட அவர் வண்டியூர் வீட்டில் இருந்ததில்லை. முதல் நாளே வீரணனையும் சோணைமுத்துவையும் கூட்டிக்கொண்டு சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊருக்குப் போய்விடுவார். அந்தக் கண்மாய்க்கு மழைக்காலத்தில் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து கூடு கட்டும். அவை மிரண்டு போய்விடும் என்று அந்த ஊரில் யாரும் வெடி போடுவதில்லை.

வீரணனுக்கு வெடிச்சத்தம் ஆகாது. அதற்காகத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

மூன்று பேரும் ஒரே பட்டாளம்; ஹரிராம் அதில் ஒயர்லெஸ் செட் சுமந்தவர். அவர்களோடு நாலாவதாக இருந்தவன் உசிலம்பட்டிக்காரன் சிவனாண்டி. எண்பத்தேழாம் வருஷத் தீபாவளியன்று யாழ்ப்பாணத்தில் ஒரு சந்துக்குள் செத்துப்போனான். அமைதிப் படை என்றுதான் அனுப்பினார்கள். போன இடத்தில் சண்டையாகிப்போனது. திரும்பி வந்தவர்களுக்கு மாலை போட ஆளில்லை. "நம்ம சனத்தையேவா சுட்டுட்டு வந்தீக?" என்று கேட்கத்தான் ஆளிருந்தது. ஆகையால் சிவனாண்டிக்கு ஒரு கல்லும் கிடையாது, கூட்டமும் கிடையாது. இவர்கள்தான் வருஷா வருஷம் அவன் போட்டோவைக் கண்மாய்க்கரையில் வைத்து, ஒரு முழம் பூ வைத்து, சல்யூட் அடிப்பார்கள்.

இந்தத் தடவை சோணைமுத்து வீரணனைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஆனால் அவன் காவல் இருந்த வங்கியில் அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. தீபாவளியன்று காலை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன் என்று வீரணனுக்குச் சொல்லியனுப்பினான். ஊரில் வெடி நாலு மணிக்கே ஆரம்பித்துவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அன்று விடிந்ததிலிருந்து ஹரிராம் பூஜையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவலி என்றார். மகள் ஸ்வர்ணா இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். ஒருவழியாக எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டுவேட்டி கட்டி, மாப்பிள்ளை ராகேஷோடு இலையில் உட்காரும்போது போன் அடித்தது. வீரணன் மனைவி பாண்டிச்செல்வி, ஏதோ ஒரு பூத்திலிருந்து.

"அண்ணே, ஒடனே வாங்கண்ணே. அவரக் கட்டிவச்சு அடிக்கிறாங்க."

ஹரிராம் எழுந்துவிட்டார். கனகலட்சுமி வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில், "இன்னைக்காவது இவங்களோட உட்காரக் கூடாதா?" என்றாள். அவர் செருப்பைத் தேடினார். ராகேஷ் தன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க மாமா, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றான்.

நாகமலை புதுக்கோட்டை மெயின் ரோட்டில், கிளைத்தெரு பிரிகிற முக்கில்தான் வீரணனின் சைக்கிள் கடை. கடைக்கு எதிரே மின்கம்பத்தில் அவனைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சட்டை கிழிந்து, உதடு வீங்கியிருந்தது. சுற்றிலும் இருபது முப்பது பேர். பாண்டிச்செல்வி ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். சத்தம் தாங்காமல் வீரணன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கடைக்குள் ஷட்டரை இறக்கி உட்கார்ந்திருந்தான். கடை வாசலில் ஒரு ஆயிரம்வாலாவைக் கொளுத்தியிருக்கிறார்கள். ஷட்டர் தடதடவென்று ஆடியதும் அதைத் தூக்கிவிட்டு வெளியே பாய்ந்தவன், பக்கத்தில் மத்தாப்பு பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயதுப் பெண்பிள்ளையை வாரியெடுத்துச் சாக்கடைக்குள் குதித்து, அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். நாலு பேர் சேர்ந்து பிய்த்து எடுக்கும்வரை விடவில்லை. பிள்ளைக்கு முழங்கை சிராய்த்திருந்தது.

பிள்ளையின் தகப்பன் மருதுதான் கடைக் கட்டடத்துக்கும் சொந்தக்காரன். கடைக்கு வந்துபோகும் ஹரிராமை அவனுக்குத் தெரியும்.

"காலனிக்காரனாச்சேன்னு பாக்காம கடை குடுத்தேன் பாருங்க சார். எம் பிள்ளையப் போட்டு அமுக்கிட்டான். போலீஸ் வரட்டும், அவுக்க மாட்டேன்."

"அவன் காப்பாத்தத்தான் குதிச்சான். பட்டாளத்துல இருந்தவன். சத்தம் கேட்டா அவனுக்கு..."

"பட்டாளத்துல இருந்தவங்க எல்லாமா சாக்கடைல குதிக்கிறாங்க? நீங்களும் பட்டாளம்தான? நல்லாத்தான இருக்கீங்க?"

ஹரிராம் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் கிளைத்தெருவில் யாரோ இன்னொரு சரத்தைப் பற்றவைத்துவிட்டார்கள்.

பிறகு அவருக்குத் தெரிந்தது மண்தான். வாயில் மண், கன்னத்தில் மண். குப்புறக் கிடந்தார். வலது கை முதுகுப் பக்கம் போய், அங்கே இல்லாத ஒயர்லெஸ் செட்டின் ரிசீவரைத் துழாவிக்கொண்டிருந்தது. "பொசிஷன்! பொசிஷன்!" என்று படுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். தன் தொண்டை எரிந்தபோதுதான் கத்துவது தான் என்று புரிந்தது. சரம் வெடித்து ஓய்ந்தது. யாரோ ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ராகேஷ் வந்து அவரைத் தூக்கினான். பட்டுவேட்டியெல்லாம் சேறு. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. கம்பத்தில் கட்டுண்டிருந்த வீரணன், "ஒண்ணுமில்லண்ணே, வெடிதான். வெடிதான்ணே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மருதுவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளை சொன்னது: "அந்த மாமாவும் இப்பிடித்தான்ப்பா கத்துச்சு."

மருது பிள்ளையின் கையை இடுப்பிலிருந்து விலக்கினான். அப்புறம் போய்க் கயிற்றை அவனே அவிழ்த்தான். அவிழ்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "இந்த மாசத்தோட கடையக் காலி பண்ணிரச் சொல்லுங்க சார். பொம்பளப்பிள்ளை இருக்கிற எடம்" என்றான். ஹரிராம் ஏதோ சொல்லப் போனார். வீரணன் அவர் கையைப் பிடித்து வேண்டாம் என்றான்.

முதல் பஸ் கிடைக்காமல் அந்த நேரத்துக்குத்தான் சோணைமுத்து பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்தான். வீரணனைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். ராகேஷ் மாமனாரைத் தனியே அழைத்துப் போய், "நீங்க இவங்களோட போயிட்டு வாங்க மாமா. அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். என்ன சொல்வான் என்று ஹரிராம் கேட்கவில்லை.

கண்மாய்க்கரை போய்ச் சேரும்போது மணி மூன்று. மரமெல்லாம் நாரைகள். மருதமரத்தடியில் போட்டோவை வைத்துப் பூ வைத்தார்கள். மூன்று பேரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். வீரணனால் கையை முழுதாகத் தூக்க முடியவில்லை.

உட்கார்ந்த பிறகு ஹரிராம் சொன்னார்: "இத்தன வருசமா வீரணனுக்காக வாரேன்னுதான் வீட்ல சொல்லிட்டு வந்தேன். எனக்காகத்தான் வந்திருக்கேன். இன்னைக்குத்தான் அது தெரிஞ்சது."

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு செட்டுல வந்த ஆர்டர் என்ன தெரியுமா? தமிழ் தெரிஞ்ச ஒருத்தன முன்னால அனுப்பு, வீட்டுக்குள்ள இருக்கிற சனத்த வெளிய வரச் சொல்லிக் கூப்பிடட்டும். அவ்வளவுதான். பேரே சொல்லல. நானே போயிருக்கலாம். 'சிவனாண்டியப் போகச் சொல்றாங்க'ன்னு நான்தான் சொன்னேன்."

சோணைமுத்து அன்று வேறு கம்பெனியில் இருந்தவன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வீரணன் அந்தச் சந்தின் சுவரோரம் ஹரிராமுக்கு அடுத்த ஆளாக இருந்தவன். வீங்கிய உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப எம் பேரச் சொல்லாம விட்டதும் நீங்கதான்" என்றான் கடைசியில்.

ஹரிராமுக்கு அழுகை வந்தது.

"சிவனாண்டி சம்சாரத்துகிட்டப் போயிச் சொல்லணும்ணே" என்றான் வீரணன். "அது பாவம், ஆர்டர்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கு. நாங்களும் கூட வாரோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்குப் போனார்கள். சிவனாண்டியின் மனைவி தங்கப்பொண்ணு வாசலில் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். ஹரிராம் கண்மாய்க்கரையில் சொன்னதையே ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வருசா வருசம் அவரு போட்டோவுக்குப் பூ வைக்கிறோம்னு சொல்லுவீகளே, இதுக்குத்தானா?" என்றாள்.

எழுந்து உள்ளே போனவள் நெடுநேரம் வரவில்லை. போய்விடலாமா என்று சோணைமுத்து கண்ணால் கேட்டான். ஹரிராம் அசையவில்லை. திரும்பி வந்தபோது அவள் கையில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தது. ஒன்றைச் சோணைமுத்து முன்னாலும் ஒன்றை வீரணன் முன்னாலும் வைத்துவிட்டு, நிலைப்படியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீரணன் பாதியைக் குடித்தான். மீதியை ஹரிராம் பக்கம் நகர்த்தி வைத்தான்.