மூன்றடி பேஸ்மட்டம்

முரளிதரனின் வீடு ஏழு மாதமாக அப்படியே நின்றது. திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகிற சாலையில் புதிதாகப் பிரித்த லே-அவுட்டில் கிழக்குப் பார்த்த மனை. சுவர் எழும்பி மேலே தளமும் போட்டாயிற்று. அதோடு சரி. பூச்சு இல்லை, கதவு இல்லை, ஒயரிங் இல்லை. சமையலறையாக வேண்டிய இடத்தில் யாரோ ஆடுகளைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தரை முழுக்கப் புழுக்கை.

அவன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். இருக்கிற வீட்டுக்கு வாடகை, வராத வீட்டுக்கு வங்கித் தவணை என்று சம்பளம் வந்த வாரமே காலியாகிவிடும். பூச்சு முடியாமல் கடனின் அடுத்த பகுதியைத் தர முடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது.

வேலையை எடுத்தவர் சித்தூர் பக்கம் குடிபாலாவைச் சேர்ந்த ரங்கன் மேஸ்திரி. ஐம்பது தாண்டியவர். முரளிதரனுக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம் என்பதால், நம்ம பக்கத்து ஆள், தமிழிலேயே பேசி வேலை வாங்கலாம் என்று அவரைப் பிடித்திருந்தான். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். தளம் போட்ட பிறகு ரங்கன் வீடு நிற்கிற மேடையான பேஸ்மட்டத்தை உயர்த்தியதற்கான பணத்தைக் கேட்டார். பத்திரத்தில் அது இல்லையே என்றான் முரளிதரன். அந்த வாரமே கொத்தனார்கள் வருவது நின்றது. பிறகு ரங்கன் போனையும் எடுக்கவில்லை.

"சித்தூர் வக்கீல் சொன்ன மாதிரியே செய்யலாங்க. ஒரு இன்ஜினீர வெச்சி எவ்ளோ வேல ஆயிருக்குதுன்னு அளந்து நோட்டீஸ் அனுப்பலாம்" என்றாள் மனைவி தேவயானி.

"ஒரு வருசம் இழுக்கும்னு அவரே சொல்றாரு. அதுவரிக்கும் வாடகய யாரு கட்டறது?"

கம்பெனியில் கூட வேலை செய்யும் பாலசுந்தரம்தான் வேறு வழி சொன்னான். அந்தப் பகுதி எஸ்.ஐ. அவனுக்குப் பழக்கம். "கம்ப்ளெயின்ட் ஒண்ணு எழுதிக்கினு வா. ஒரே நாள்ல முடிச்சிக் குடுப்பாரு."

சனிக்கிழமையே கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை முரளிதரன் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனபோது மணி பதினொன்று. காலை எட்டு மணிக்கே ரங்கனைக் கூட்டி வந்திருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, வாசலை ஒட்டிய சுவரோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளை முடி படர்ந்த மார்போடு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முரளிதரனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். கான்ஸ்டபிள் ஒருவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

முரளிதரனுக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். எஸ்.ஐ. ரங்கனை மேசைக்கு முன்னால் நிற்க வைத்துத் தெலுங்கில் கேட்டார். "ஏமய்யா, டப்புலு தீசுகொனி பனி ஆபேஸ்தாவா?"

பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுவாயா என்றதும் ரங்கன் பதறினார். பயத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது. "இல்ல சார். மழ தண்ணி உள்ள வருதுன்னு பேஸ்மட்டத்த மூணு அடி தூக்கச் சொன்னாரு சார். மண்ணு, கல்லு, கம்பின்னு ரெண்டர லட்சம் என் கையிலருந்து போட்டுகிறேன். தரேன்னு சொன்னாரு. அவரையே கேளுங்க சார்."

எஸ்.ஐ. முரளிதரன் பக்கம் திரும்பினார். "மீரு இஸ்தானன்னாரா?" தருகிறேன் என்று சொன்னீர்களா என்று கேட்டார்.

முரளிதரனுக்கு அந்த மத்தியானம் நன்றாக ஞாபகம் இருந்தது. லே-அவுட்டே குளமாகிக் கிடந்தது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தானேதான் ரங்கனிடம் கெஞ்சினான். செலவு ஏறிவிடும், பத்திரத்தில் இல்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். 'செய்ங்க மேஸ்திரி, குடுத்துர்றேன்' என்று இவன் சொன்னான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"லேது சார்" என்று மறுத்தான்.

எஸ்.ஐ. எழுந்த வேகத்தில் அறைந்தார். இடது காதோடு சேர்த்து விழுந்த அறை. ரங்கன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு அறை. முரளிதரன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து நாளில் மொத்த வேலையையும் முடித்துத் தருகிறேன் என்று ரங்கன் எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு வெளியே காத்திருந்த பாலசுந்தரம் முரளிதரனின் முதுகில் தட்டி, "பாத்தியா?" என்றான்.

பத்து நாள் கழித்து வேலை தொடங்கியது. கலவை மெஷினை விற்றுத்தான் ரங்கன் சிமென்ட் இறக்கியிருந்தார். முன்பு எட்டுப் பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரு கொத்தனார், ரங்கன், சித்தாளாக அவர் மனைவி கன்னிகா. ஞாயிற்றுக்கிழமை முரளிதரனும் தேவயானியும் போனபோது கன்னிகா மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள். தேவயானி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினாள்.

"வேணாம்மா. நாங்க கொண்டாந்துகிறோம்" என்றாள் கன்னிகா.

உள்ளே ரங்கன் சாரத்தில் ஏறி மேல்சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடியே பூசினார். கொஞ்ச நேரத்தில் கரணையை வைத்துவிட்டு, மெல்லக் கால் வைத்து இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, அவருக்கு உடம்புக்கு சரியில்லயா?" என்றாள் தேவயானி.

கன்னிகா சல்லடையை நிறுத்தவில்லை. "ஸ்டேசன்ல அடிச்சதுல காது ஜவ்வு கிழிஞ்சிப்போச்சாம்மா. லெப்ட் காது கேக்கல. மேல ஏறுனா தல சுத்துதுன்றாரு. உங்க வேல முடியறவரிக்கும் தாங்குனா போதும்."

தேவயானிக்கு ஸ்டேஷனில் அடி விழுந்ததே தெரியாது. பேசி முடித்துவிட்டார்கள் என்றுதான் முரளிதரன் சொல்லியிருந்தான். அவனைப் பின்பக்கம் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டாள்.

"பேஸ்மட்டத்துக்குப் பணம் தரேன்னு சொன்னீங்களா, இல்லியா?"

அவன் ஆடு கட்டியிருந்த கயிற்றுத் துண்டைக் காலால் நெம்பிக்கொண்டே நின்றான். "சொன்னேன்" என்றான் கடைசியில்.

"அப்ப குடுத்துடுங்க."

"எங்கருந்து குடுக்கறது? நீயே சொல்லு."

ஐம்பத்திரண்டாவது நாள் வேலை முடிந்தது. பூச்சில் ஒரு பிசிறு இல்லை. சாவிக்கொத்தை ரங்கன் முரளிதரன் கையில் தரவில்லை. ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார். கிரகப்பிரவேசத்துக்குப் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்தார்கள். எந்த மழைக்கும் தண்ணி ஏறாது, நல்ல உயரம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்துச் சித்தூரிலிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. இலவச சட்ட உதவி மையத்தில் ரங்கன் மனு கொடுத்திருந்தார். சமரசம் பேச லோக் அதாலத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மனுவில் பேஸ்மட்டப் பணம் மட்டும்தான் இருந்தது. ஸ்டேஷனைப் பற்றி ஒரு வரி இல்லை என்று பார்த்ததும் முரளிதரனுக்கு மூச்சு வந்தது.

"அவங்கிட்ட ஒரு பேப்பரும் இல்ல. இல்லன்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்றார் வக்கீல்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தேவயானி வளையலைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். "இத வெச்சி பணத்த குடுங்க. இன்னொருவாட்டி இல்லன்னு சொன்னீங்கன்னா, நானும் பாப்பாவும் இங்க இருக்க மாட்டோம்."

அதாலத் நடந்த கூடத்தில் நீளமான மேசைக்குப் பின்னால் வயதான பெண் நீதிபதி ஒருவரும் ஒரு வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். பின்பெஞ்சில் தேவயானியும் கன்னிகாவும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். நீதிபதி கேட்டதும் முரளிதரன் எழுந்து, பேஸ்மட்டத்தை உயர்த்தச் சொன்னதும் பணம் தருவதாகச் சொன்னதும் உண்மைதான் என்று தெலுங்கில் ஒப்புக்கொண்டான். நீதிபதிக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிகிற வழக்கு அபூர்வம் என்று பக்கத்து வக்கீலிடம் சொன்னார். இரண்டரை லட்சத்தை ஆறு தவணையில் தர வேண்டும் என்று எழுதினார்கள்.

கையெழுத்துக்கு முன்னால் நீதிபதி ரங்கனைப் பார்த்து, வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். அவர் ரங்கனுக்கு இடது பக்கம் இருந்தார். ரங்கன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முரளிதரன் சுற்றி வந்து அவருடைய வலது காதோரம் குனிந்தான். "வேற ஏதாச்சும் கீதான்னு கேக்கறாங்க மேஸ்திரி."

ரங்கன் நிமிர்ந்தார். அன்றைக்கு ஸ்டேஷனில் பார்த்த பிறகு அவர் அவன் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"கீது. அதுக்கு சாட்சி நீ ஒருத்தன்தான். சொல்றியா?"

புது வீடு அந்த எஸ்.ஐ.யின் எல்லையில்தான் இருக்கிறது. மகள் பள்ளிக்குப் போகிற ஆட்டோ அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகும். கூடத்து வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வேறு ஊர்க்காரர்தான். ஆனாலும் முரளிதரனின் கண் அவர்மேல் போய்ப் போய் வந்தது. நீதிபதி பேனாவால் மேசையைத் தட்டினார்.

ரங்கன் பார்வையைக் காகிதத்துக்குத் திருப்பினார். பிறகு, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

பஸ்ஸில் தேவயானி கேட்டாள். "காதுகிட்ட குனிஞ்சப்ப இன்னா கேட்டாரு அவரு?"

மறைக்காமல் சொன்னான். அவள் திருப்பதி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தவணைகளை அவன் தவறாமல் போனில் அனுப்பினான். ஒவ்வொரு முறையும் 'வந்தது' என்று கன்னிகாவிடமிருந்து ஒரு வார்த்தை வரும். ஆறாவதுக்கு அதுவும் வரவில்லை. ரங்கன் இப்போது சித்தூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வாட்ச்மேனாக இருக்கிறார், சாரம் ஏற முடிவதில்லை என்று யாரோ சொன்னதைத் தேவயானி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பாப்பாவின் பீஸ், கேஸ் சிலிண்டர், கரண்ட் பில் என்று அவர்கள் பேச்சு அதற்குள்ளேயே நின்றுபோயிருந்தது.